கேசரிப் பருப்பு: பசியைத் தீர்த்துக் காலைப் பறித்த பயறின் வரலாறு



கேசரி என்றதும் ரவை, நெய், முந்திரி எல்லாம் நினைவுக்கு வந்திருந்தால் மன்னிக்கவும். இது அந்தக் கேசரி அல்ல. பள்ளியில் உணவுக் கலப்படம் பற்றிய பாடத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகுமே, துவரம்பருப்பில் கலக்கப்படும் பொருள் என்று, அந்தக் கேசரிப் பருப்பு. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக எழுதியதோடு நம்மில் பலர் அதை மறந்திருப்போம்.

ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதில் பஞ்சம் இருக்கிறது, ஒரு பெரிய ஓவியன் இருக்கிறான், ஒரு வதைமுகாம் இருக்கிறது, கூலிக்குப் பதில் விஷத்தை வாங்கிய உழைப்பாளிகள் இருக்கிறார்கள், கடைசியில் நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. பி.காம். படிப்பவனுக்குப் பருப்பில் என்ன ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். இந்தக் கதையை முழுக்கப் படித்தால், இது மருத்துவத்தைவிடக் கூலியையும் விலையையும் பற்றிய கதை என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் சத்துக் கணக்கு

பருப்பு, பயறு வகைகளை "ஏழைகளின் இறைச்சி" என்று சொல்வது வழக்கம். அது வெறும் பேச்சு அல்ல. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை இந்தத் துறையில் பழைய, புகழ்பெற்ற நூல். அதன்படி 100 கிராம் முழுக் கொண்டைக்கடலையில் புரதம் 17.1 கிராம். தோல் நீக்கிய கடலைப்பருப்பில் 20.8 கிராம். துவரம்பருப்பில் 22.3 கிராம். நாம் உண்ணும் அரிசியில் இது 7 கிராம் அளவில்தான் இருக்கும்.

அளவு மட்டுமல்ல, தரமும் முக்கியம். புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் சேர்ந்த மாலை மாதிரி. அரிசி, கோதுமையில் லைசின் என்ற மணி குறைவு. பயறுகளில் அது தாராளம். பயறுகளில் மெத்தியோனின் என்ற மணி குறைவு. தானியங்களில் அது ஓரளவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். சாதமும் சாம்பாரும், இட்லியில் அரிசியும் உளுந்தும், வடக்கே ரொட்டியும் பருப்பும் என்று நாடு முழுக்க ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வருவது நல்ல ஏற்பாடு. அமினோ அமிலம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நம் சமையலறைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டன!

கொண்டைக்கடலையில் புரதத்தோடு நார்ச்சத்து, ஃபோலிக் அமிலம், இரும்பு ஆகியவையும் உண்டு. அதிலுள்ள மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. பச்சையாக உண்டால் செரிமானத்தைக் கெடுக்கும் சில பொருட்கள் எல்லாப் பயறுகளிலும் இருக்கின்றன. ஊறவைப்பது, முளைகட்டுவது, வேகவைப்பது ஆகியவற்றால் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். சுண்டலுக்கு முந்தின இரவே கடலையை ஊறப் போடுவது இந்த வகையிலும் நல்லது.

இப்போது அதே அட்டவணையில் கேசரிப் பருப்பின் வரியைப் பாருங்கள். புரதம் 28.2 கிராம்! கடலைப்பருப்பையும் துவரம்பருப்பையும் மிஞ்சுகிறது. காகிதத்தில் பார்த்தால் இதுதான் முதல் மாணவன். ஆனால் இந்த முதல் மாணவனைத்தான் அரசு பள்ளியைவிட்டே நீக்கியது. ஏன்?

எப்படிப்பட்ட செடி இது?

இதன் அறிவியல் பெயர் லத்தைரஸ் சட்டைவஸ். இந்தியில் கேசரி, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் தியோரா. தட்டையான நீண்ட இலைகளும் பெரும்பாலும் நீல நிறப் பூக்களும் உடைய சிறு கொடி. விதை உருண்டையாக இருக்காது. ஒருபக்கம் சரிந்து, சிறு கோடாரித் தலை போல இருக்கும். உடைத்துத் தோல் நீக்கிவிட்டால் துவரம்பருப்புக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கூர்ந்து பார்க்க வேண்டும். கலப்படக்காரர்களுக்கு வசதியாகப் போனது இதுதான். மாவாக்கிக் கடலை மாவில் கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

விவசாயிக்கு இது வரம் மாதிரி. மழை பொய்த்தாலும் வளரும். வயலில் தண்ணீர் தேங்கி நின்றாலும் பெரும்பாலும் தாங்கும். உரம் வேண்டாம். மற்ற பயறுகளைப் போலவே வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும். சத்தீஸ்கர் பகுதியில் இதற்கு "உதேரா" என்று ஒரு முறை உண்டு. நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே ஈரச் சேற்றில் விதையைத் தூவிவிடுவார்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. நெல்லை அறுத்தபின் மிச்ச ஈரத்தில் கேசரி எழுந்து வரும். நம் காவிரிப் பாசனப் பகுதியில் நெல்தரிசில் உளுந்தும் பயறும் தெளிப்பார்களே, அதே யுக்திதான்.

கணக்குப் பாடத்தின் மொழியில் சொன்னால், உற்பத்திச் செலவு கிட்டத்தட்ட விதையின் விலை மட்டும்தான். அதனால் விலை எப்போதும் மலிவு. பயிரெல்லாம் அழிந்த ஆண்டிலும் கிடைக்கக்கூடியது. இந்த இரண்டு குணங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் துயரம் முழுவதும் இவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

ஐரோப்பாவில் பழைய சுவடுகள்

கேசரி மனிதன் பயிரிட்ட மிகப் பழைய பயிர்களில் ஒன்று. பால்கன் பகுதியின் புதிய கற்கால ஊர்களில் இதன் கருகிய விதைகள் கிடைத்திருக்கின்றன. ஆபத்தைப் பற்றிய குறிப்பும் பழையதே. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் நூல்களில், ஐனோஸ் என்ற ஊரில் பயறையே தொடர்ந்து தின்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் கால்கள் வலுவிழந்தன என்ற செய்தி வருகிறது.

1671ல் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியை ஆண்ட பிரபு, இந்தப் பயறின் மாவை ரொட்டியில் சேர்க்கக் கூடாது என்று ஆணையிட்டார். காரணம், அதே கால் முடக்கம். ஆக இந்தியச் சட்டத்துக்கு 290 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தடை வந்துவிட்டது.

அடுத்தது ஸ்பெயின். நெப்போலியனின் படைகள் அங்கே புகுந்திருந்த காலத்தில், 1811-12ல், மாட்ரிட் நகரம் கொடிய பஞ்சத்தில் சிக்கியது. கோதுமை இல்லை. கேசரி மாவுக் கஞ்சிதான் ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது. அந்தக் காட்சியை ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா செதுக்குச் சித்திரமாக்கினார். "போரின் பேரழிவுகள்" வரிசையில் 51வது தகடு அது. கஞ்சிக்காக மக்கள் சூழ்ந்திருக்க, ஒரு பெண் தரையில் கிடக்கிறாள். படத்துக்கு அவர் இட்ட பெயரின் பொருள் "கேசரிக்கு நன்றி". இந்த நன்றியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கசப்பு என்று பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். உயிர் தந்ததும் அந்தப் பயறுதான், காலை எடுத்ததும் அந்தப் பயறுதான். கோயா 1828ல் இறந்தார். இந்த வரிசை வெளியானது 1863ல்.

சாகர், 1829 முதல் 1833 வரை

இனி நம் நாட்டுக்கு வருவோம். தக்கிகள் என்ற வழிப்பறிக் கூட்டத்தை ஒடுக்கியவர் என்று வரலாற்றில் படித்திருப்போமே, வில்லியம் ஸ்லீமன், அவர் 1844ல் வெளியிட்ட பயண நூலில் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சாகர் பகுதியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

1829ல் ஆலங்கட்டி மழையில் கோதுமைப் பயிர் அழிந்தது. 1830ல் பருவமழை சரியாகப் பெய்யவில்லை, விளைச்சல் குறைந்தது. 1831ல் பயிர்நோய் வந்து கோதுமையை அழித்தது. மூன்று ஆண்டுகள், மூன்று விதமான அடி. ஆனால் கோதுமை வயலில் களை போலத் தானே முளைத்து, மாட்டுக்குத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்த கேசரி மட்டும் செழித்து நின்றது. வேறு வழியில்லாத மக்கள் அதை அறுத்துத் தின்னத் தொடங்கினார்கள். மாட்டுக்குத் தண்டும் இலையும், மனிதருக்கு மணி. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுகளும் அதுவே உணவு.

1833ல் விளைவு தெரிந்தது. முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஒவ்வொருவராக இடுப்புக்குக் கீழே செயலிழந்தார்கள். இரவு நன்றாகத் தூங்கியவர்கள் காலையில் எழுந்து நடக்க முடியாமல் போனார்கள். ஒருமுறை முடங்கிய கால் பிறகு சரியாகவில்லை.

இதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து அலகாபாத் மாவட்டத்தின் பாரா பகுதியில் ஜேம்ஸ் இர்விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஊர் ஊராக முடங்கியவர்களைக் கணக்கெடுத்து எழுதினார். அங்கும் அதே கதை. நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், உணவில் பெரும்பகுதி கேசரி.

நோய்க்குப் பெயர், விஷத்துக்குப் பெயர்

1873ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் அர்னால்டோ கந்தானி இந்த நோய்க்கு "லத்தைரிசம்" என்று பெயர் வைத்தார். செடியின் பெயரிலிருந்தே நோயின் பெயர்.

இந்த நோயின் தன்மை விசித்திரமானது. கைகளுக்கு ஒன்றும் ஆகாது. புத்தி தெளிவாக இருக்கும். ஆயுளும் குறையாது. கால் தசைகள் மட்டும் இறுகிவிடும். குதிகால் தரையில் படாமல், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச, கத்தரிக்கோல் போலக் கால்களைப் பின்னிப் பின்னி நடப்பார்கள். மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கோல் தேவையில்லாத நிலை, ஒரு கோல் நிலை, இரண்டு கோல் நிலை, தவழும் நிலை. படிக்கும்போதே மனதைப் பிசைகிறது. இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இளம் ஆண்கள், அதாவது வீட்டுக்குச் சம்பாதித்துப் போட வேண்டியவர்கள்.

விஷம் எது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் இந்தியர்கள்! 1964ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எஸ்.எல்.என். ராவ், அடிகா, சர்மா ஆகியோரும், அதே ஆண்டில் டெல்லியில் மூர்த்தி, சேஷாத்ரி, வெங்கடசுப்பிரமணியன் ஆகியோரும் கேசரி விதையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். சுருக்கமாக அதை ஓ.டி.ஏ.பி. என்பார்கள். நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேச குளூட்டமேட் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. ஓ.டி.ஏ.பி. பார்ப்பதற்குக் குளூட்டமேட்டின் இரட்டைப் பிறவி போல இருக்கும். நரம்பணு ஏமாந்துபோய், ஓயாத தூண்டலில் துடித்துத் துடித்தே செத்துவிடும். செத்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. அதனால்தான் சாகர் மக்களின் கால்கள் திரும்ப வரவில்லை.

இந்த விஷம் தண்ணீரில் கரையும். குன்னூரில் இயங்கி 1958ல் ஐதராபாத்துக்கு இடம் மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் தலைவராக இருந்தபோது, 1966ல், அங்கிருந்து எளிய வழி ஒன்று வெளியானது. பருப்பை நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பெரும்பகுதி விஷம் அதோடு போய்விடும்.

எளிய வழிதான். ஆனால் யாருக்கு எளிது? நிறைய வெந்நீர் என்றால் நிறைய விறகு. கொட்டுகிற அளவுக்குத் தண்ணீர். வறட்சிக் காலத்தில் குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் இதைச் செய்வது எப்படி? போதாக்குறைக்கு நீரோடு சில பி வைட்டமின்களும் போய்விடுகின்றன. இன்னொரு கொடுமையும் உண்டு. வறட்சியில் வாடும் கேசரிச் செடியின் விதையில் ஓ.டி.ஏ.பி. அளவு கூடுகிறது. அதாவது மக்கள் இதை அதிகம் நம்பி உண்ணும் ஆண்டில்தான் இதில் விஷமும் அதிகம்.

எவ்வளவு தின்றால் ஆபத்து?

இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். கேசரியை எப்போதாவது கொஞ்சம் சேர்த்துக்கொள்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. சத்தீஸ்கரிலும் பீகாரிலும் வங்கத்திலும் தலைமுறை தலைமுறையாக இதை மற்ற உணவோடு சேர்த்து உண்டு நன்றாக நடமாடும் குடும்பங்கள் உண்டு. உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில மாதங்கள் தொடர்ந்து உண்ணும்போதுதான் நோய் வருகிறது. எத்தியோப்பியாவில் 1990களில் நோய் பரவியபோது நடந்த ஆய்வுகளிலும், தானியம் கலந்து உண்டவர்களுக்கு ஆபத்து குறைவு என்றே தெரிந்தது.

இதற்குக் காரணம் முதலில் சொன்ன அமினோ அமிலக் கணக்கில் இருக்கிறது. பயறில் கந்தகம் உள்ள மெத்தியோனின் போன்ற அமிலங்கள் குறைவு. நரம்பைக் காக்கும் பொருட்களை உடல் தயாரிக்க அவை தேவை. தட்டில் அரிசியோ கோதுமையோ இருந்தால் அவை ஓரளவு கிடைக்கும். தட்டில் கேசரி மட்டும் இருந்தால் விஷம் முழுசு, காப்பு இல்லை.

இதை மனிதர்கள் மேல் நடத்திய சோதனை போல நிரூபித்த கொடூர நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது ருமேனிய அரசு தன் வசமிருந்த வாப்னியார்கா என்ற ஊரில் (இப்போது உக்ரைனில் உள்ளது) ஒரு முகாம் அமைத்தது. 1942 செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்குத் தினமும் சுமார் 400 கிராம் கேசரி. அது கால்நடைத் தீவனத்துக்காக இருந்த சரக்கு. கூடவே வைக்கோல் கலந்த பார்லி ரொட்டி. சில வாரங்களிலேயே கைதிகளின் கால்கள் தளர ஆரம்பித்தன. கைதிகளில் ஒருவரான டாக்டர் ஆர்தர் கெஸ்லர் இது லத்தைரிசம் என்று கண்டுகொண்டார். கைதிகள் அந்த உணவை மறுத்தார்கள். 1943 ஜனவரி வாக்கில் அது நிறுத்தப்பட்டது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாழ்நாள் முழுக்க முடமாகிவிட்டார்கள். போருக்குப்பின் கெஸ்லர் இஸ்ரேலில் குடியேறி, தப்பிப் பிழைத்த அந்தத் தோழர்களுக்குத் தொடர்ந்து வைத்தியம் பார்த்தார்.

ஆக, மாட்ரிட்டில் பஞ்சம், சாகரில் மூன்றாண்டு பயிர்ச்சேதம், வாப்னியார்காவில் முள்வேலி. இடம் வேறு, காலம் வேறு. பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. தட்டில் வேறு எதையும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வழி இல்லை.

கூலியாக வந்த விஷம்

சுதந்திர இந்தியாவில் முள்வேலி இல்லை. ஆனாலும் ரீவா, சத்னா மாவட்டங்களில் 1950களிலும் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கானோர் கோல் ஊன்றி நடந்தார்கள். ஏன் என்று தேடிய ஆய்வாளர்கள் கண்டது கூலி முறையை. நிலமற்ற விவசாயக் கூலிகள், அதிலும் கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள், பணமாகக் கூலி பெறவில்லை. தானியமாகப் பெற்றார்கள். அந்தத் தானியத்தில் பெரும்பங்கு கேசரி. நில உரிமையாளருக்கு அதுதான் ஆக மலிவான சரக்கு. கோதுமை சந்தைக்குப் போகும், கேசரி கூலிக்குப் போகும்.

கூலிச் செலவைக் குறைப்பது எப்படி என்று நம் பாடத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அந்தச் செலவு குறைப்புக்கு மறுபக்கத்தில் யாருடைய கணக்கில் பற்று எழுதப்படுகிறது என்று பாடம் சொல்வதில்லை. இங்கே அது கூலியாளின் முதுகுத்தண்டில் எழுதப்பட்டது. கால் போன கூலிக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் இன்னும் மலிவான உணவைத்தான் உண்பான். வட்டம் முழுமையாகிவிடுகிறது.

சட்டம் என்ன செய்தது?

1961ல் மத்திய அரசு, 1954ம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகளில் கேசரிப் பருப்பு விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. ஆனால் அந்த விதியைக் கவனமாகப் படித்தால் ஒரு சூட்சுமம் தெரியும். அந்தந்த மாநில அரசு அறிவிக்கை வெளியிடும் நாளிலிருந்துதான் அந்த மாநிலத்தில் தடை அமலாகும்! கேசரி அதிகம் விளையாத மாநிலங்கள் உடனே தடை செய்தன. அதிகம் விளைந்து, அதிகம் உண்ட மத்தியப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் தடை செய்யவில்லை. பயிரிடுவதற்கு எங்குமே தடை இல்லை.

இதனால் என்ன ஆயிற்று? நோய் இல்லாத இடத்தில் தடை இருந்தது. நோய் இருந்த இடத்தில் தடை இல்லை. தடை இருந்த மாநிலச் சந்தையில் கேசரிக்குத் தன் பெயரில் விற்க வழியில்லாததால், அது துவரம்பருப்பின் பெயரில், கடலை மாவின் பெயரில் உள்ளே நுழைந்தது. அதனால்தான் நம் பாடப் புத்தகத்தில் அது கலப்படப் பொருளாக மட்டும் இடம்பிடித்தது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கூலியாகக் கொடுப்பது "விற்பனை" என்ற கண்ணுக்குப் படாது. கடைக்காரரைப் பிடிக்கலாம், பண்ணையாரைப் பிடிக்க இந்த விதியில் இடமில்லை.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பருப்பு வாங்குகிறவன் தான் வாங்குவது என்ன என்று தெரிந்து வாங்க உரிமை உண்டு. ஆனால் கலப்படப் பிரச்சினை வேறு, லத்தைரிசம் வேறு. முதலாவது நுகர்வோர் ஏமாறும் பிரச்சினை. இரண்டாவது உழைப்பவனுக்குத் தட்டில் இரண்டாவது பண்டம் இல்லாத பிரச்சினை. முதலாவதற்கு எழுதிய மருந்தை இரண்டாவதற்கும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

நோய் எப்படிக் குறைந்தது?

லத்தைரிசம் இந்தியாவில் இப்போது மிக அரிது. ஆனால் கேசரி இன்னமும் விளைகிறது, இன்னமும் உண்ணப்படுகிறது. அப்படியானால் நோயைக் குறைத்தது எது?

பொருளியலில் "கீழ்நிலைப் பண்டம்" என்று படித்திருப்போம். வருமானம் கூடினால் எந்தப் பண்டத்தின் நுகர்வு குறைகிறதோ அது கீழ்நிலைப் பண்டம். கேசரி இதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. பசுமைப் புரட்சிக்குப்பின் கோதுமையும் அரிசியும் பெருகின. பாசனம் விரிந்தது. ரேஷன் கடைகள் வந்தன. பணக் கூலி பரவியது. 1976ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஏழையின் தட்டில் கேசரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கோதுமையும் அரிசியும் வந்து உட்கார்ந்தன. நோய் பின்வாங்கியது.

இதில் ஒரு முரண் உண்டு. அதே பசுமைப் புரட்சிதான் பயறுகளை ஓரங்கட்டியது. நல்ல பாசன நிலமெல்லாம் கோதுமைக்கும் நெல்லுக்கும் போக, பயறுகள் மானாவாரி நிலத்துக்குத் தள்ளப்பட்டன. அரசின் பொருளாதார ஆய்வறிக்கைக் கணக்குப்படி 1961ல் ஒரு இந்தியனுக்கு நாளொன்றுக்கு 69 கிராம் பயறு கிடைத்தது. 2001ல் அது 30 கிராம். பாதிக்கும் கீழே! வயிறு நிறைந்தது, புரதம் குறைந்தது. வரவும் செலவும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட கணக்கு இது.

பயறு குறைந்தால் விலை ஏறும். 2015ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தச் சூட்டில்தான் கேசரியின் பெயர் மறுபடி அடிபட்டது. மகாராஷ்டிரா 2008லேயே விற்பனைத் தடையை நீக்கியிருந்தது. ரத்தன், பிரதீக், மகாதியோரா என்று ஓ.டி.ஏ.பி. 0.1 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள ரகங்களை இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கியிருந்தார்கள். 2016 தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் குழு ஒன்று இத்தகைய ரகங்களை அனுமதிக்கலாம் என்று கருத்துச் சொன்னதாகச் செய்தி வந்ததும் பெரிய விவாதம் மூண்டது. ஒரு பக்கம், மலிவான புரதம், உரமில்லாப் பயிர், பருவநிலை மாறினாலும் தாங்கும் என்ற வாதம். மறுபக்கம், குறைந்த விஷம் உள்ள விதையையும் நாட்டு விதையையும் சந்தையில் யார் பிரித்துப் பார்ப்பது என்ற அச்சம்.

இரண்டு வாதங்களிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் விதையைப் பற்றித்தான் அதிகம் பேசின. வரலாறு சொல்வது வேறு. ஒரு பயறின் சத்தை 100 கிராமுக்கு இவ்வளவு என்று எழுதும் அட்டவணை பாதி உண்மைதான் சொல்கிறது. மீதி உண்மை, அந்த 100 கிராமுக்குப் பக்கத்தில் தட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதில் உள்ளது. கொண்டைக்கடலையும் துவரையும் நமக்கு நன்மை செய்வது சாதத்தோடு, காயோடு, மோரோடு சேரும்போதுதான். மலிவான புரதம் என்று சொல்லி ஏழைக்கு ஒரே பண்டத்தைக் கொடுத்து நிறுத்திவிட்டால், எந்த நல்ல விதையும் முழு உணவு ஆகிவிடாது. கேசரியை அனுமதிப்பதானாலும் தடுப்பதானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதை உண்ணப்போகிறவருக்கு வேறு எதையாவது வாங்கக் கூலி கிடைக்கிறதா என்பதே.

அடுத்த முறை ஒரு மதிப்பெண் கேள்வியாக இந்தப் பருப்பு வந்தால் விடையைத் தயங்காமல் எழுதுங்கள். மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கலப்படம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ரீவாவின் கூலிக்காரர்கள் அடங்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் ஊரில் இதுபோல, பஞ்ச காலத்தில் மட்டும் உண்ட தானியமோ கிழங்கோ பற்றித் தாத்தா பாட்டி ஏதாவது சொல்லியிருந்தால் அவசியம் எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.